வேதக்காரர் சாட்சி

எட்டு வயதில் எனக்குத் தெரிந்த சாட்சிகள் எல்லாரும் செத்துப்போனவர்கள். அதுவும் சாதாரணச் சாவு இல்லை. ஒருவரை இரும்புக் கட்டிலில் கிடத்திக் கீழே நெருப்பு மூட்டினார்கள். ஒருவரைச் சிங்கத்தின் முன்னால் நிறுத்தினார்கள். இன்னொருவர் உடம்பெல்லாம் அம்பு தைத்தபடி எங்கள் மாதாகோயிலிலேயே சுரூபமாக நின்றார். வேதத்துக்காக உயிரைக் கொடுத்த இவர்களுக்கு வேதசாட்சிகள் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் செஞ்சிப் பிள்ளைகளை எல்லாம் கோயிலில் வரிசையாக உட்கார வைத்து, உபதேசியார் இவர்களுடைய சரித்திரத்தை வாசிப்பார். அவருக்கு நல்ல கணீர்க்குரல். நெருப்பு வரும் இடத்தில் அது இன்னும் ஒரு கட்டை ஏறும்.

கதைகள் ஒரே தடத்தில்தான் போகும். ராஜா ஒருவன் கிறிஸ்தவரான ஒரு வேதக்காரரைக் கூப்பிட்டு நயமாகப் பேசுவான். நான் சொல்கிறபடி சொல்லிவிடு, பட்டு தருகிறேன், பொன் தருகிறேன் என்பான். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது என்பான். அவர் மாட்டேன் என்பார். அதற்குப் பிறகு நடப்பதைப் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். எனக்கு மட்டும் ராஜா சொன்னதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே, வீட்டில் பிள்ளைகள் காத்திருக்காதா என்று தோன்றும். உபதேசியாரிடம் இதைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

எங்கள் நைனா கடைவீதியில் ஒரு மண்டியில் எடை போடுகிறவர். காலையில் முதல் மூட்டையைத் தராசில் ஏற்றுமுன் தராசைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். மண்டியில் எல்லாரும் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை கொண்டுவரும் குடியானவர்கள், "வேதக்காரரு கையால எடை போடச் சொல்லுங்க" என்று கேட்டு நிற்பார்கள். அவர் பேர் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. வேதக்காரர் என்றால் அவர்தான். இதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. ஞாயிற்றுக்கிழமைகளில் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்து, பூசையில் ஆண்கள் வரிசைக்கு முதல் ஆளாகக் பீடத்து முன் கிராதியில் முழங்கால் போட்டு அவர் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குவதைப் பெண்கள் பக்கத்திலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பேன்.

அப்போது உலகத்தில் எங்கேயோ சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது அரிசித் தட்டுப்பாடாக வந்து சேர்ந்தது. அரிசியைப் பதுக்கினால் அதிகாரிகள் பிடிப்பார்கள். ஒருநாள் மாலை மண்டி முதலாளியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இதற்குமுன் அவர் எங்கள் தெருவிலேயே கால் வைத்ததில்லை. அம்மா பதறிப்போய்ப் பாயை உதறிப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நான் கேழ்வரகுக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"புதன்கெழம கோர்ட்டு. நீதாம்பா சாட்சி சொல்லணும்" என்றார் முதலாளி.

நைனா பாயை இன்னொரு முறை இழுத்துச் சரிசெய்தார்.

"வேற ஆளு சொன்னா எவனும் நம்பமாட்டான். வேதக்காரன் பொய் சொல்லமாட்டான்னு ஊருக்கே தெரியும். நான் சொல்றபடி சொல்லிடு, ஒனக்கு ஒண்ணும் ஆவாது. சொல்லலன்னு வெச்சுக்கோ, அப்புறம் இன்னா ஆவும்னு எனக்கே தெரியாது."

பேசிக்கொண்டே ஒரு புது வேட்டியைப் பாயின்மேல் வைத்தார். கோர்ட்டுக்குக் கட்டிக்கொண்டு வருவதற்காம். நல்ல மல்வேட்டி. என் கண்ணுக்கு அது பட்டாகத் தெரிந்தது.

குதிருக்குப் பின்னால் நான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். வேதக்காரர், சாட்சி, வேட்டி, என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. உபதேசியார் வாசித்த கதையின் ராஜா அச்சுப் பிசகாமல் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றுகொண்டிருந்தார். நைனாவை வேதசாட்சியாக்கப் போகிறார்கள். புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

உண்மையில் நடந்ததைப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். முதலாளி நாலு மூட்டை அரிசியைப் பதுக்க நினைத்து, நைனாவைக் கொண்டே மூட்டைகளைத் தூக்க வைத்து, தொண்டூர் வண்டிக்காரர் ஒருவரின் வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். வழியில் அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி ஒரே போடாக, வண்டிக்காரன் திருடிக்கொண்டு போய்விட்டான் என்று சொல்லிவிட்டார். அவர் திருடியதைக் கண்ணால் பார்த்ததாக நைனா கோர்ட்டில் சொல்ல வேண்டும். அந்த வண்டிக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். மண்டிக்கு நான் சோறு கொண்டுபோகும் நாளில் வண்டியில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். மாட்டுக் கொம்பில் மணி கட்டியிருப்பார். அவர் ஜெயிலுக்குள்ளே இருக்கிறார் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நைனாவுக்கும் இறங்கவில்லை. அம்மா அப்போது ஏழு மாதம். அடுப்பங்கரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது காதில் விழுந்தது. "வேலையும் போயி, இந்த ஊடும் போயி, இத எங்க கொண்டுபோயி பெத்துக்கச் சொல்றீங்க?" எங்கள் வீடு முதலாளி கொடுத்த வீடு. நைனா செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார். மணிகள் நகர்ந்தன, உதடு அசையவில்லை.

புதன்கிழமை காலையில் நைனா புது வேட்டியைக் கட்டிக்கொண்டார். நான் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன்.

"நைனா, அவங்க சொல்றதையே சொல்லிடு நைனா. சொல்லிட்டு ஊட்டுக்கு வந்துடு."

நைனா கீழே குனிந்து என் முகத்தைப் பார்த்தார். எனக்கு எதுவும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அம்மாதான் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று எண்ணினாரோ என்னவோ, அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையை ஒவ்வொரு விரலாக விடுவித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செஞ்சியில் சிங்கம் கிடையாது. இரும்புக் கட்டிலும் நான் பார்த்ததில்லை. அப்படியானால் எப்படிக் கொல்வார்கள் என்று யோசித்தபோது கைதிக் கிணறு நினைவுக்கு வந்தது. ராஜகிரி அடிவாரத்தில், சக்கரக்குளத்துப் பக்கம் ஒரு பெரும்பாறை. அதில் கிணறு மாதிரி ஆழமாக ஒரு குழி. அந்தக் காலத்து ராஜாக்கள் கைதிகளை அதற்குள் தள்ளிவிட்டு, சோறு தண்ணீர் கொடுக்காமல் சாகவிடுவார்கள் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். நைனாவை அங்கேதான் தள்ளுவார்கள். ஆனால் அது உடனே சாகிற சாவு இல்லை. மேலே இருந்து யாராவது களி கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம். இரும்புக் கட்டிலுக்கு இது எவ்வளவோ மேல் என்று எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

அம்மா படுத்திருந்த நேரம் பார்த்து இரண்டு உருண்டைக் களியை இலையில் கட்டிக்கொண்டேன். இறக்குவதற்குக் கயிறு வேண்டுமே. கிணற்றடிக்குப் போய்த் தாம்புக்கயிற்றை அவிழ்த்துத் தோளில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வெயில் பாறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. குழி இருந்த பாறையில் ஏறத் தெரியாமல் அடியிலேயே நின்று, "நைனா, நைனா" என்று கத்தினேன். பதில் இல்லை. இன்னும் கொண்டுவரவில்லை போலும் என்று ஒரு புளியமர நிழலில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை, "யாரூட்டுப் பொண்ணு நீ? கயித்த வெச்சிக்கினு இங்க இன்னா பண்ற?" என்று அதட்டினாள். மண்டி வேதக்காரர் மகள் என்றேன். அவள் ஆட்டை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் ஓடினாள்.

நான் செய்த காரியம் எவ்வளவு பெரிய விபரீதம் என்று எனக்குத் தெரியாது. கோர்ட்டிலிருந்து நைனா வீடு திரும்பியபோது பிள்ளையையும் காணோம், கிணற்றுக் கயிற்றையும் காணோம். தெருவே கூடி ஒவ்வொரு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததாம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாளாம். நைனா மட்டும் கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அன்று காலை சர்வேசுரன்மேல் சத்தியம் வைத்துப் பொய் சொல்லிவிட்டு வந்த மனிதர் அந்த நேரத்தில் என்ன நினைத்திருப்பார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

அந்தப் பெண்பிள்ளை சொல்லி நைனா ஓடிவந்தார். புது வேட்டி முழங்கால்வரை கிழிந்திருந்தது. என்னை வாரி எடுத்து அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என் காதில் கேட்டது.

"அவங்க சொன்னதச் சொல்லிட்டியா நைனா?"

"சொல்லிட்டங் கண்ணு."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என் நைனா புத்திசாலி. உபதேசியார் வாசித்த அந்தப் புனித அர்ச்சியசிஷ்டவர்களுக்கெல்லாம் தெரியாத வழி அவருக்குத் தெரிந்திருந்தது. இலையைப் பிரித்து ஒரு உருண்டையை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டே இருந்தார், தின்னவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். அவ்வளவு வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் தெரிந்ததும் ஊரே சிரித்தது. அம்மா என்னை அடிக்கவும் செய்தாள், கட்டிக்கொண்டு சிரிக்கவும் செய்தாள். "அடி பைத்தியக்காரி, கோர்ட்டு சாட்சி வேற, வேதசாட்சி வேற. கோர்ட்டு சாட்சின்னா பார்த்ததச் சொல்லிட்டு ஊட்டுக்கு வர்றது. அவுங்கள யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க." கோயிலுக்குப் போகும் வழியில் பையன்கள் என்னை வேதசாட்சி என்றே கூப்பிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அம்மா சொன்ன பாடத்தை நன்றாக மனப்பாடம் செய்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணி அடித்தது. ஆண்கள் நன்மை வாங்க எழுந்து போனார்கள். முதல் ஆளாக வேறு யாரோ போனார். நைனா கடைசித் தூண் பக்கத்தில் முழங்காலிலேயே இருந்தார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் வந்திருந்தார், நான் பார்த்தேன். பிறகு ஏன் போகவில்லை? அம்மாவின் சேலையை இழுத்துக் கேட்டேன். அவள் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டு என் தொடையில் கிள்ளினாள். முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனசில் பாவம் இருந்தால் நன்மை வாங்கக் கூடாது என்பது பெரியவர்களுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மண்டிக்குச் சோறு கொண்டுபோன ஒருநாள், வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே போய்விட்டேன். நைனா முதல் மூட்டையைத் தராசில் ஏற்றினார். தராசைத் தொடவில்லை, சிலுவை போடவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, நானே இந்தப் பக்கத்திலிருந்து எனக்குச் சிலுவை போட்டுக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடியும் எனக்குள் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கோர்ட்டில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் இரும்புக் கட்டிலில் படுத்தவர் மாதிரி அவர் ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தார்.

மூன்றாம் ஞாயிற்றுக்குப் பிறகு ஒரு நாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. தொண்டூரிலிருந்து நடந்தே வந்திருந்தாள், காலெல்லாம் புழுதி. பிச்சை கேட்டு வந்தவள் என்று நினைத்து அம்மா ஒரு படி கேழ்வரகு கொண்டுவந்தாள். அவள் முந்தானையை விரிக்கவில்லை.

"நான் வண்டிக்காரரு பொஞ்சாதி" என்றாள். அம்மாவின் கையிலிருந்த படி அப்படியே நின்றது.

"சண்ட போட வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். கோர்ட்டுக்குப் போறதுக்கு மொத நாளு ஜெயில்ல பாத்தப்பகூட எங்கூட்டுக்காரரு சொன்னாரு, சாட்சி வேதக்காரரு, அவரு பொய் சொல்லமாட்டாரு, நீ அழுவாதன்னு. அவ்ளோதான்."

அவள் போய்விட்டாள். உள்ளே நைனா சட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையை நுழைத்தவர் மறு கையை நுழைக்காமல் வெகுநேரம் அப்படியே நின்றார்.

அந்தச் சனிக்கிழமை நைனா சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். மற்றவர்கள் உள்ளே போனால் அருள்நிறை மந்திரத்தைப் பத்துத் தடவை சொல்வதற்குள் வந்துவிடுவார்கள். நான் மந்திரத்தையும் சொல்லி முடித்து, சுரூபத்தில் தைத்திருந்த அம்புகளையும் எண்ணி முடித்தேன். சாமியாரின் குரல் மெதுவாகவும் நைனாவின் குரல் அதைவிட மெதுவாகவும் கேட்டுக்கொண்டே இருந்தன. வெளியே வந்தபோது நைனாவின் முகம் காய்ச்சல் விட்டவர் முகம் மாதிரி இருந்தது. மறுநாள் பூசையில் மணி அடித்ததும் எழுந்து, கடைசி ஆளாகப் போய்க் கிராதியில் முழங்கால் போட்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. எல்லாம் சரியாகப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். அம்மா மட்டும் பூசை முடியும்வரை அழுதுகொண்டிருந்தாள். வயிற்றுப்பிள்ளை உதைக்கிறது போலும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் நைனா பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டார். புது வேட்டியை அம்மா தைத்துத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன்.

"எங்க நைனா போற?"

"கோர்ட்டுக்குக் கண்ணு. சாட்சி சொல்லணும்."

"போன தபா சொல்லிட்டியே?"

"அத மாத்திச் சொல்லணும்."

"இந்த தபா யாரு கூப்ட்டாங்க? மொதலாளியா?"

"இல்ல. யாரும் கூப்புடல."

முன்பு நான் காலைக் கட்டிக்கொண்டு அழுததை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. இப்போதுதான் எனக்கு எல்லாம் தெரியுமே. சில்லைக் கட்டத்துக்குள் எறிந்துகொண்டே, "வரும்போது பொரியுருண்ட வாங்கியா" என்றேன். நைனா கொஞ்ச நேரம் நான் ஆடுவதைப் பார்த்தார். என் தலையைத் தொட்டு நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார். ஆட்டம் கலைந்துவிடும் என்று நான் தலையை ஆட்டி அவர் கையைத் தள்ளிவிட்டேன்.

அன்று அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வேலையாகப் போயிருக்கிறார் என்றாள் அம்மா. வீட்டுச் சாமான்களை அவள் ஒவ்வொன்றாகச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு, "வேற ஊட்டுக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு சாக்கை உதறினாள். வேறு வீட்டுக்குப் போகிறோம் என்பதே எனக்குக் குஷியாக இருந்தது.

நாலாம் நாள் எங்கள் வாசலில் மணிச் சத்தம் கேட்டது. தொண்டூர் வண்டிக்காரர் வந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். வண்டியை மட்டும் காட்டினார். எங்கள் சாமான்களை ஏற்றிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று அம்மாவுக்குப் புரிந்தது. அவள் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் ஓடிப்போய் மாட்டுக் கொம்பிலிருந்த மணியைத் தட்டினேன். அவர் என்னருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, எனக்காக ஒங்க நைனா உள்ள போயி..." என்றார். அதற்குமேல் முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பெரிய ஆள் அழுவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. என்னைப்போல அவரும் குழம்பிப்போயிருக்கிறார், அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்று நினைத்தேன்.

"அழுவாதீங்க" என்றேன். "நைனா கோர்ட்டு சாட்சிக்குத்தான் போயிருக்காரு. வேதசாட்சி வேற. இவங்கள யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க."

அவர் என்னைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார். சாமான் ஏற்றுவதற்குள் சக்கரக்குளம் வரைக்கும் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று நான் கேட்டேன்.